கூபாவின் பட்டு வணிகர்

கூபா நகரின் கடைவீதியைச் சற்றே உங்கள் மனக்கண் முன் கொண்டு வாருங்கள். ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் படைவீரர்கள் தங்குவதற்கென எழுப்பப்பட்ட அவ்வூர், ஹிஜ்ரி முதல் நூற்றாண்டு முடிவதற்குள் ஈராக்கின் பெருநகரங்களுள் ஒன்றாக வளர்ந்துவிட்டிருந்தது. அந்த வீதி வழியே இளைஞர் ஒருவர் நாள்தோறும் விரைந்து செல்வார். உடையில் தூய்மை, நடையில் சுறுசுறுப்பு, கண்களில் ஒளி. கஸ் எனப்படும், பட்டும் கம்பளியும் கலந்து நெய்த விலையுயர்ந்த துணியை விற்கும் வணிகர் அவர். தந்தையார் பெயர் தாபித். பாட்டனார் காபூல் பகுதியிலிருந்து வந்தவர் என்பர். இளைஞரின் பெயர் நுஃமான். ஹிஜ்ரி 80இல், அதாவது கி.பி. 699இல் பிறந்த இந்தத் துணி வணிகரைத்தான் உலகம் பின்னாளில் இமாமுல் அஃளம் அபூஹனீபா (ரஹ்) என்று போற்றலாயிற்று.

அன்னாரின் சட்ட மேதைமையைப் பற்றியும் வணக்கத்தின் மிகுதியைப் பற்றியும் நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். ஜும்ஆ மேடைகளில் அவை அடிக்கடி பேசப்படுவனவே. ஆனால் ஒரு மாணவன் தான் எதைக் கற்க வேண்டும் என்பதைத் தானே கண்டுகொள்வதற்கும், கண்டுகொண்டபின் அதைக் கைவிடாமல் தொடர்வதற்கும் ஓர் ஆசான் என்ன செய்யலாம் என்பதற்கு அப்பெருந்தகையின் வாழ்வு எத்துணை பெரிய சான்று என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று வீட்டில் அத்தாவும் அம்மாவும் இரவெல்லாம் வாதாடிக் கொண்டிருக்க, அந்தப் பிள்ளையை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்காத காலத்தில், இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்பது நல்லது.

கடைவீதிக்குப் போகும் வழியில் ஒரு நாள் அவரை அழைத்தவர் இமாம் ஷஅபீ (ரஹ்). கூபாவின் மூத்த அறிஞர். நபித்தோழர்கள் பலரைக் கண்டவர். யாரிடம் போய் வருகிறீர் என்று அவர் வினவ, கடைவீதிக்கு என்று நுஃமான் விடையளித்தார். தாம் கேட்டது கடைவீதியைப் பற்றி அன்று, எந்த அறிஞரிடம் போய் வருகிறீர் என்பதே என்றார் ஷஅபீ. அப்படி யாரிடமும் தாம் அதிகம் செல்வதில்லை என்று இளைஞர் ஒப்புக்கொண்டார். அவரிடம் விழிப்பும் துடிப்பும் தமக்குத் தென்படுவதாகவும், கல்வியை அவர் புறக்கணிக்கலாகாது என்றும் சொல்லிவிட்டு அந்த முதியவர் நிறுத்திக்கொண்டார். இந்த நூலை ஓது, இந்த ஆசிரியரிடம் சேர் என்று ஒன்றும் விதிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அச்சொல் தம் உள்ளத்தில் தைத்தது என்று இமாம் அவர்களே பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கிறார்கள்.

தைத்த சொல் உடனே சரியான வழியில் கொண்டு சேர்த்துவிட்டதா என்றால், இல்லை. இளமையின் வேகத்தில் அவர் முதலில் விரும்பியது கொள்கை விவாதக் கலையை. அந்நாளில் பஸரா நகரம் பல்வேறு பிரிவினரின் வாதப் போர்க்களமாக இருந்தது. இருபது தடவைக்கு மேல் அங்கே பயணம் செய்து வாதாடியிருக்கிறார். சில சமயம் ஓராண்டு வரை தங்கியதும் உண்டு. வாதத்தில் பெயரும் கிடைத்தது. இத்தனை ஆண்டுகளும் வீண் என்று சொல்லத் தோன்றுகிறதா? அவசரப்பட வேண்டாம். பிற்காலத்தில் ஒரு சிக்கலை நான்கு புறமும் திருப்பிப் பார்க்கும் ஆற்றலை அவருக்குத் தந்ததில் பஸராவுக்கும் பங்கு உண்டு என்றே எனக்குப் படுகிறது.

அவரைத் திருப்பியவர் ஒரு பெண்மணி. பெயர் வரலாற்றில் இல்லை. மனைவியை நபிவழியின்படி தலாக் சொல்ல விரும்பும் ஒருவர் அதை எவ்வாறு செய்ய வேண்டும் என்று அந்த அம்மையார் வந்து கேட்டார். வாதத்தில் எவரையும் மடக்கக்கூடிய நுஃமானுக்கு, குடும்ப வாழ்வில் நாள்தோறும் எழக்கூடிய இந்த எளிய கேள்விக்கு விடை தெரியவில்லை. அருகிலேயே பாடம் நடத்திக்கொண்டிருந்த ஹம்மாத் இப்னு அபீ ஸுலைமான் (ரஹ்) அவர்களிடம் கேட்கும்படியும், அவர் சொல்லும் விடையைத் தம்மிடம் வந்து தெரிவிக்கும்படியும் கேட்டுக்கொண்டார். அவ்வாறே அம்மையார் வந்து தெரிவித்தார். அதைக் கேட்டதும் செருப்பை எடுத்துக்கொண்டு எழுந்தவர், நேரே ஹம்மாத் அவர்களின் வட்டத்தில் போய் அமர்ந்துவிட்டார். இமாம் அவர்கள் ஒவ்வொரு கலையையும் வரிசையாக எடுத்து, இதனால் முடிவில் என்ன பயன் என்று ஆராய்ந்து, கடைசியில் சட்டக் கலையைத் தேர்ந்தார்கள் என்று இன்னொரு செய்தியும் நூல்களில் காணப்படுகிறது. ஹதீஸ் மேதை தஹபீ போன்றோர் அதை ஏற்கவில்லை. விடை தெரியாமல் நின்ற அந்த ஒரு நொடிதான் மனித இயல்புக்கு நெருக்கமானதாக இருக்கிறது.

ஹம்மாத் அவர்களின் வட்டத்தில் நடந்ததை இமாம் அவர்களே விவரித்ததாகச் செய்தி வந்துள்ளது. ஆசான் சொன்ன தீர்வுகளை அவர் நெஞ்சில் பதித்துக்கொள்வார். மறுநாள் ஆசான் திரும்பக் கேட்கையில் ஏனையோர் தவறிழைக்க, இவர் மட்டும் பிழையின்றிச் சொல்வார். இதைக் கண்ட ஹம்மாத் அவர்கள், வட்டத்தில் தமக்கு நேர் எதிரே இவரைத் தவிர வேறெவரும் அமரக்கூடாது என்று கூறிவிட்டார்கள். இவ்வாறு பத்து ஆண்டுகள் கடந்தன.

பத்தாண்டு முடிந்தபோது அவர் மனத்தில் ஓர் ஆசை முளைத்தது. இனி ஆசானை விட்டுப் பிரிந்து தனி வட்டம் நடத்தலாமே என்ற ஆசை. ஒரு மாலை அதே எண்ணத்துடன் புறப்பட்டுப் பள்ளிவாசலில் நுழைந்தார். ஆசானின் முகத்தைக் கண்டதும் பிரிய மனம் வரவில்லை. வழக்கம்போல் போய் அமர்ந்துகொண்டார். அன்றிரவு பஸராவிலிருந்து ஹம்மாத் அவர்களுக்கு ஒரு செய்தி வந்தது. உறவினர் ஒருவர் காலமாகிவிட்டார். அவருடைய சொத்துக்கு இவரையன்றி வாரிசு இல்லை. ஹம்மாத் அவர்கள் தம் இடத்தில் அபூஹனீபாவை அமர்த்திவிட்டுப் பஸரா சென்றார்கள்.

ஆசான் ஊரைத் தாண்டியதும், அவரிடம் கேட்டறியாத கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வரலாயின. இவர் தம் அறிவுக்கு எட்டியவாறு விடை சொன்னார். ஆனால் சொன்ன ஒவ்வொரு விடையையும் எழுதி வைத்துக்கொண்டார். இந்த ஒரு செயலைச் சற்று நின்று நோக்குங்கள். மேடை கிடைத்துவிட்டது, மக்கள் வந்து கேட்கிறார்கள், தவறாகச் சொன்னாலும் கண்டுபிடிப்பார் இல்லை. அந்த நிலையில் தம் விடைகளைத் தாமே பட்டியலிட்டு, திருத்துவதற்கென ஆசானிடம் கொண்டு போக எத்தனை பேருக்கு மனம் வரும்? இரண்டு மாதங்களுக்குப் பின் ஹம்மாத் அவர்கள் திரும்பி வந்தார்கள். ஏறத்தாழ அறுபது விடைகள் அவர்கள் முன் வைக்கப்பட்டன. நாற்பதை ஒப்புக்கொண்டார்கள்; இருபதை மறுத்தார்கள்.

மூன்றில் ஒரு பங்கு பிழை. எந்தத் தேர்விலும் இது நல்ல தேர்ச்சிதான். அபூஹனீபா அவர்களோ, ஆசான் உயிருடன் இருக்கும்வரை அவரைப் பிரிவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டார்கள். சத்தியத்தைக் காத்தும் காட்டினார்கள். ஹிஜ்ரி 120இல் ஹம்மாத் அவர்கள் மறைந்தபோது, இவர்களுக்கு வயது நாற்பது; ஆசானிடம் கழித்த காலம் பதினெட்டு ஆண்டுகள். தம் வீட்டுக்கும் ஆசானின் வீட்டுக்கும் இடையே ஏழு தெருக்கள் இருந்தும் அத்திசை நோக்கி அவர்கள் கால் நீட்டியதில்லை என்றும், தொழும்போதெல்லாம் பெற்றோருக்காகக் கேட்கும் துஆவில் ஆசானையும் சேர்த்துக்கொண்டார்கள் என்றும் கூறுவர்.

ஆசானின் இடத்தில் அமர்ந்த பிறகும் அன்னவர்கள் வணிகத்தை விடவில்லை. கூட்டாளி ஒருவர் குறையுள்ள துணியை வாங்குபவரிடம் குறையைச் சொல்லாமல் விற்றுவிட்டபோது, அந்தத் தொகை முழுவதையும் தர்மம் செய்துவிட்ட சம்பவம் உங்களுக்குத் தெரிந்ததே. இங்கே நமக்கு வேண்டியது அந்த வணிகத்தின் இலாபம் எங்கே போயிற்று என்பது. ஆண்டு முழுதும் சேர்ந்த இலாபத்தைக் கொண்டு அறிஞர்கள், மாணாக்கர்களின் உணவு, உடை முதலிய தேவைகளை நிறைவேற்றுவார்கள். தமக்கு நன்றி கூற வேண்டாம், இறைவனுக்கே நன்றி கூறுங்கள், இது என் பொருளன்று, உங்களுக்காக என் கையில் அவன் தந்தது என்று சொல்லிவிடுவார்கள்.

இனி அந்த வட்டத்துக்குள் போவோம். ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதிக்கொள்ளும் வகுப்பு அன்று அது. ஒரு பிரச்சினை நடுவில் வைக்கப்படும். ஒவ்வொரு மாணவரும் தமக்குத் தோன்றியதை, அதற்கான ஆதாரத்துடன் சொல்ல வேண்டும். வாதம் சூடேறும், குரல்கள் உயரும். அவ்வழியே வந்த பெரியார் ஒருவர், பள்ளிவாசலில் இத்துணைச் சத்தமா என்று வருந்தியபோது, விட்டுவிடுங்கள், இவ்வாறன்றி இவர்கள் விளக்கம் பெற மாட்டார்கள் என்று இமாம் அவர்கள் மறுமொழி கூறினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சில பிரச்சினைகள் பல நாட்கள் நீளும். ஒரு மாதம் ஓடியதும் உண்டு. ஆபியா இப்னு யஸீத் என்னும் மாணவர் வராதிருந்தால், அவர் வரும்வரை முடிவைப் பதிய வேண்டாம் என்று நிறுத்தி வைப்பார்கள். அவரும் வந்து ஒப்பிய பின்னரே அது ஏட்டில் ஏறும். நாட்டின் பெரும் மேதை ஒருவர், தம் மாணவர் ஒருவர் வருவதற்காகத் தீர்ப்பை நிறுத்தி வைக்கிறார்! அந்த மாணவர் மறுநாள் எவ்வளவு ஆயத்தத்துடன் வந்திருப்பார் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

தாம் சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்ள வேண்டாம் என்றும் மாணவரைத் தடுத்ததுண்டு. இன்று ஒரு கருத்தைக் கொண்டு நாளை அதை விட்டுவிடக்கூடும் என்பது அன்னார் கூறிய காரணம். எங்கிருந்து அக்கருத்து எடுக்கப்பட்டது என்று அறியாமல் அதை ஏற்று மார்க்கத் தீர்ப்பு வழங்க எவருக்கும் ஆகாது என்றும் எச்சரித்தார்கள். உருப்போட்டு ஒப்பிப்பதையே கல்வி என்று கருதுவோர் இதை நம்புவது கடினம்.

அந்த வட்டத்தில் ஏழை மாணவர் ஒருவர் இருந்தார். யஃகூப் என்பது இயற்பெயர். ஹிஜ்ரி 113இல் பிறந்தவர். முதலில் கூபாவின் நீதிபதி இப்னு அபீ லைலாவின் பாடத்தில் இருந்து, பின்னர் தாமே விரும்பி இங்கே வந்து சேர்ந்தவர். ஒரு நாள் அவருடைய தந்தை வந்து மகனை வெளியே அழைத்துச் சென்றார். அபூஹனீபாவுக்குச் சமாசமாய் நீ கால் நீட்ட முடியாது, அவருடைய ரொட்டி வெந்து தயாராக இருக்கிறது, உனக்கோ பிழைப்புத் தேட வேண்டிய நிலை என்ற பொருள்பட எடுத்துரைத்தார். தந்தை சொல்லில் தவறு என்ன? மகன் பணிந்தார். பாடத்துக்கு வருவது குறைந்தது.

இமாம் அவர்கள் அவரைத் தேடினார்கள்; விசாரித்தார்கள். சில நாட்கள் கழித்து அவர் வந்தபோது, வராமைக்குக் காரணம் கேட்டார்கள். பிழைப்பும் தந்தைக்குப் பணிதலும் என்றார் யஃகூப். தந்தையைக் குறை கூறவில்லை, மாணவரையும் கடியவில்லை. எல்லோரும் கலைந்து சென்றபின் ஒரு பையை அவர் கையில் கொடுத்தார்கள். உள்ளே நூறு திர்ஹம் இருந்தது. பாடத்தை விடாது வரும்படியும், இது தீர்ந்ததும் தெரிவிக்கும்படியும் கூறினார்கள். சில நாளில் கேளாமலே மற்றொரு நூறு வந்தது. அதன் பின்னரும் அப்படியே. தீர்ந்துவிட்டது என்று தாம் ஒருபோதும் வாய்திறந்து சொன்னதில்லை என்றும், யாரோ அவருக்கு அறிவித்தாற்போல் உரிய வேளையில் வந்துவிடும் என்றும் யஃகூப் பின்னாளில் கூறினார். கேட்க வைத்துக் கொடுப்பதற்கும் கேளாமல் கொடுப்பதற்கும் உள்ள தொலைவை, கல்வி உதவி வேண்டி வாசற்படி ஏறியவர்கள் நன்கு அறிவார்கள்.

இதே வரலாறு வேறு வகையாகவும் வந்திருக்கிறது. அதில் தந்தை இல்லை. விதவைத் தாய் மகனைத் துணி வெளுக்கும் தொழிலாளி ஒருவரிடம் வேலைக்கு விடுகிறார். பையன் வேலையை விட்டுவிட்டு இமாம் அவர்களின் வட்டத்தில் போய் அமர்ந்துகொள்கிறான். தாய் வந்து கையைப் பிடித்து இழுத்துச் செல்கிறார். மறுநாளும் அதே கதை. பொறுமை இழந்த தாய் ஒரு நாள் இமாம் அவர்களிடமே முறையிட்டார். நூல் நூற்று இவனுக்குச் சோறு போடுகிறேன், அனாதைப் பிள்ளை, ஏதோ காசு சம்பாதிப்பான் என்று பார்த்தால் நீங்கள் கெடுக்கிறீர்கள் என்று குமுறினார். அதற்கு இமாம் அவர்கள், இந்தப் பிள்ளை பிஸ்தா எண்ணெயில் செய்த பாலூதஜ் சாப்பிடக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்றார்கள். பாலூதஜ் என்பது செல்வர் வீட்டு இனிப்புப் பண்டம். கிழவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார் அந்தத் தாய்.

ஆண்டுகள் பல கழிந்தன. கலீபா ஹாரூன் ரஷீதின் உணவு விரிப்பில் ஒரு நாள் பாலூதஜ் பரிமாறப்பட்டது. அதைக் கண்டதும் புன்னகைத்தார், பக்கத்தில் அமர்ந்திருந்த தலைமை நீதிபதி. காரணம் கேட்ட கலீபாவிடம் தம் தாயின் கதையைச் சொன்னார். கலீபா வியந்து, அபூஹனீபா அவர்களுக்காக இறைவனின் அருளை வேண்டி, தலையிலுள்ள கண் காணாததை அறிவின் கண்ணால் கண்டவர் என்று போற்றினார். இஸ்லாமிய அரசில் நீதிபதிகளுக்கெல்லாம் நீதிபதி என்ற பதவியை முதன்முதல் வகித்த இமாம் அபூயூஸுப் (ரஹ்) அவர்களே அந்தப் பையன். இரண்டு அறிவிப்புகளில் எது நடந்தது என்பதில் அறிஞர்களிடையே வேறுபாடு உண்டு. எனினும் அந்தத் தாயை அறியாமை மிகுந்தவள் என்று நாம் எள்ளிவிடலாகாது. அடுத்த வேளை உணவுக்கு வழி தேடுபவர் பத்தாண்டுக்குப் பின் வரும் பயனை எவ்வாறு எண்ணிப் பார்ப்பார்? நல்ல படிப்பின் சிறப்பை மட்டும் சொல்லிவிட்டுப் பசியைப் பற்றிப் பேசாமல் விடும் அறிவுரையாளர்கள், கொடுக்கப்பட்ட அந்தப் பையை நினைவில் கொள்வது நலம்.

அபூயூஸுப் அவர்களுக்கும் ஆசானுக்கு வந்த அதே ஆசை வந்தது. அவர் கடும் நோயுற்றபோது பார்க்கச் சென்ற இமாம் அவர்கள், தமக்குப்பின் மக்களுக்கு இவர் பயன்படுவார் என்று நம்பியிருந்ததாகவும், இவர் மறைந்தால் பெரும் கல்வி மறைந்துவிடும் என்றும் மனம் நொந்து கூறினார்கள். நோய் தீர்ந்தது. ஆசானின் பாராட்டு மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. அபூயூஸுப் தனி வட்டம் தொடங்கிவிட்டார்.

செய்தி இமாம் அவர்களுக்கு எட்டியது. ஆள் அனுப்பிக் கண்டிக்கவில்லை. வட்டத்தைக் கலைக்கச் சொல்லவும் இல்லை. ஒருவரிடம் ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்பினார்கள். சலவைத் தொழிலாளி ஒருவரிடம் இரண்டு திர்ஹம் கூலிக்கு ஒரு துணி வெளுக்கக் கொடுக்கப்படுகிறது. உரியவர் வந்து கேட்கையில், அப்படி எதுவும் நீ தரவில்லை என்று அவர் மறுத்துவிடுகிறார். மறுமுறை வந்து கேட்கும்போது, வெளுத்த துணியைக் கொடுத்துவிடுகிறார். இப்போது அவருக்குக் கூலி உண்டா, இல்லையா? உண்டு என்று அபூயூஸுப் சொன்னால் தவறு என்று சொல். இல்லை என்றாலும் தவறு என்று சொல் என்று தூதரிடம் கூறியிருந்தார்கள்.

அபூயூஸுப் உண்டு என்றார். தவறு என்றார் வந்தவர். சிறிது சிந்தித்து இல்லை என்றார். அதுவும் தவறு என்றார் வந்தவர். அந்த நொடியே எழுந்து ஆசானின் வாசலுக்கு வந்தார் அபூயூஸுப். சலவைக்காரரின் பிரச்சினையா உம்மை இங்கே கொண்டு வந்தது என்று இமாம் அவர்கள் கேட்டார்கள். பின்னர் விடையை விளக்கினார்கள். துணியைக் கொடுக்க மறுப்பதற்கு முன்னரே வெளுத்திருந்தால், உரியவருக்காக வெளுத்தது, கூலி உண்டு. மறுத்துத் தனதாக்கிக்கொண்ட பின் வெளுத்திருந்தால், தனக்காக வெளுத்தது, கூலி இல்லை. ஆக, எப்போது வெளுத்தான் என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கற்பது போதும் என்று நினைப்பவன் தன்னைக் குறித்து அழ வேண்டியவன் என்ற கருத்தில் ஒரு சொல்லும் சொன்னார்கள்.

பாருங்கள், இளமையில் அறுபது விடைகளை எழுதி வைத்துத் தம் குறையைத் தாமே கண்டவர், அதே வாய்ப்பைத் தம் மாணவருக்கும் உண்டாக்கிக் கொடுத்தார். உனக்கு இன்னும் தகுதி இல்லை என்று வாயால் சொல்லியிருந்தால் அபூயூஸுப் மனம் புண்பட்டு விலகியிருக்கலாம். கேள்வியோ அவரைத் தம் காலாலேயே நடந்து வரச் செய்தது.

எல்லா மாணவரையும் ஒரே அச்சில் வார்க்க இமாம் அவர்கள் முயன்றதில்லை. தாவூத் தாயீ என்பவர் வட்டத்தில் சிறந்தவர்களுள் ஒருவர். கருவிகளை நாம் செம்மையாகத் தேடிக்கொண்டோம் என்று இமாம் அவர்கள் ஒரு நாள் அவரிடம் கூற, இனி எஞ்சியிருப்பது என்ன என்று அவர் கேட்டார். அறிந்தபடி செயல்படுவதே என்று விடை வந்தது. அதன்பின் ஓராண்டுக் காலம் வட்டத்திலேயே வாய் திறவாமல் அமர்ந்திருந்து தம்மைச் சோதித்துக்கொண்டு, பிறகு தனிமையிலும் வணக்கத்திலும் ஒதுங்கினார் தாவூத். சட்ட மேதையாகக்கூடியவர் வீணாகிவிட்டார் என்று ஆசான் புலம்பியதாக வரலாறு இல்லை. ஸுபர் ஒப்பு நோக்கி முடிவு காணும் முறையில் தனித்து விளங்கினார். அப்துல்லாஹ் இப்னு முபாரக் ஹதீஸும் வணிகமும் எல்லைப் போர்க்களமுமாக வாழ்ந்தார். ஒரே வட்டத்தில் அமர்ந்த இவர்கள் ஒவ்வொருவரும் நாடியது வேறு.

முஹம்மத் இப்னுல் ஹஸன் ஷைபானி வயதில் மிக இளையவர். பாடம் கேட்க வந்தவரிடம், குர்ஆன் மனனமா என்று இமாம் அவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும், முதலில் அதை முடித்து வரும்படி அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து முடித்துவிட்டதாக வந்து நின்றார் என்பது செய்தி. தந்தையார் விட்டுச் சென்ற முப்பதாயிரம் திர்ஹத்தில் பதினைந்தாயிரத்தை இலக்கணத்துக்கும் கவிதைக்கும், மீதிப் பதினைந்தாயிரத்தை ஹதீஸுக்கும் சட்டத்துக்கும் தாம் செலவிட்டதாக அவரே கூறியிருக்கிறார்கள். ஆசான் மறைந்தபோது அவருக்குப் பதினெட்டு வயதளவே. மீதியை அபூயூஸுபிடம் கற்றார். பின்னர் மதீனா சென்று மூன்றாண்டுகள் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் இருந்தார்.

இவர் ஆசிரியரானபோது, வடஆப்பிரிக்காவின் கைரவானிலிருந்து அஸத் இப்னுல் புராத் என்னும் மாணவர் வந்தார். தாம் வெளியூர், தங்கும் காலமோ குறைவு, வகுப்பிலோ கூட்டம் அதிகம், என்ன செய்வது என்று அவர் முறையிட்டார். பகலில் எல்லோருடனும் கேளும், இரவை உமக்கெனத் தனியே ஒதுக்கிவிட்டேன் என்றார் முஹம்மத். இரவில் பாடம் நடக்கையில் பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும். மாணவர் தூங்கி விழுந்தால் கையில் எடுத்து அவர் முகத்தில் தெளிப்பார், பாடம் தொடரும். தாம் நாடியதைப் பெற்றுக்கொண்டே அஸத் ஊர் திரும்பினார். அவரே பின்னாளில் கைரவானின் நீதிபதியாகி, கி.பி. 827இல் சிசிலித் தீவுக்குப் படை நடத்திச் சென்றவர். அபூஹனீபா அவர்கள் மறைந்த அதே ஹிஜ்ரி 150இல் பிறந்த இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களும் முஹம்மதிடம் பாடம் கேட்டவர்களே. ஓர் ஒட்டகச் சுமை அளவு கல்வியை அவரிடமிருந்து பெற்றதாகக் கூறியிருக்கிறார்கள்.

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் முடிவு நீங்கள் அறிந்ததுதான். உமையாக்களின் ஆளுநர் இப்னு ஹுபைரா பதவி ஏற்கும்படி வற்புறுத்தியபோது மறுத்துக் கசையடி பட்டார்கள். அப்பாஸியக் கலீபா மன்ஸூர் நீதிபதிப் பதவியை ஏற்கச் சொன்னபோதும் மறுத்துச் சிறை புகுந்தார்கள். ஹிஜ்ரி 150இல், கி.பி. 767இல் பக்தாதில் காலமானார்கள். திரண்ட மக்கள் தொகையால் ஆறு முறை ஜனாஸாத் தொழுகை நடத்தப்பட்டதாக எழுதியுள்ளனர். ஆசான் உயிரைக் கொடுத்து மறுத்த அதே நீதித்துறையில் மாணவர் அபூயூஸுப் தலைமைப் பதவியை ஏற்றார். இதை முரண்பாடு என்று குறை கூறியவர்கள் உண்டு. ஆசானின் நகலாக இருக்க அந்த வட்டத்தில் எவரும் பழக்கப்படவில்லை என்பதை எண்ணிப் பார்த்தால் அவ்வளவு வியப்பு ஏற்படாது.

இதற்குச் சான்று தேடி நீங்கள் பக்தாதுக்குப் போக வேண்டியதில்லை. ஹனபி மத்ஹபைப் பின்பற்றுவோரும் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோரும் தமிழகத்தில் கலந்து வாழ்கிறார்கள். உங்கள் ஊரில் இரு சாராரின் பள்ளிவாசல்களும் இருக்குமாயின், அஸருக்கான பாங்கு ஒன்றில் முன்னும் மற்றொன்றில் பின்னுமாக ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். நண்பகல் நிழல் நீங்கலாக, ஒரு பொருளின் நிழல் அதன் இரு மடங்கானதும் அஸர் தொடங்கும் என்பது இமாம் அபூஹனீபா அவர்களின் முடிவு. ஒரு மடங்கானதுமே தொடங்கிவிடும் என்பது ஷாபிஈ இமாமின் முடிவு. அதையே சொன்ன இன்னும் இருவர் யார் தெரியுமா? அபூயூஸுபும் முஹம்மதுமே! வித்ருத் தொழுகை வாஜிப் என்று ஆசான் சொல்ல, சுன்னத் என்றார்கள் இவ்விருவரும். ஹனபி சட்ட நூல்களில் ஆசானின் கருத்தும் மாணவரின் மறுப்பும் ஒரே பக்கத்தில் அருகருகே பதிவாகியுள்ளன.

அபூயூஸுப் மதீனா சென்றபோது பித்ரு கொடுக்கும் ஸாவு என்னும் அளவைப் பற்றி இமாம் மாலிக் அவர்களுடன் பேச்சு எழுந்தது. ஒரு ஸாவு எட்டு ராத்தல் என்பது கூபாவின் கணக்கு. மதீனாவாசிகள் தங்கள் தந்தை, பாட்டன்மார் வழியே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்திலிருந்து வந்த அளவைப் பாத்திரங்களைக் கொண்டு வந்து காட்டினர். அளந்து பார்த்தால் ஐந்தே கால் ராத்தலுக்குச் சற்று மேல், அதாவது ஐந்தும் மூன்றில் ஒன்றும். அபூயூஸுப் அங்கேயே தம் கருத்தை மாற்றிக்கொண்டார். நான் கண்டதைக் கண்டிருந்தால் என் ஆசானும் மாற்றிக்கொண்டிருப்பார் என்றும் சொன்னார்.

ஹிஜ்ரி 182இல் அபூயூஸுப் அவர்கள் மரணப் படுக்கையில் கிடந்தார்கள். பார்க்க வந்தவர் அன்னாரின் மாணவர் இப்ராஹீம் இப்னுல் ஜர்ராஹ். அப்போது நினைவு தப்பியிருந்தது. கண் விழித்ததும் எதிரே மாணவரைக் கண்டு ஒரு கேள்வி கேட்டார்கள். ஹஜ்ஜில் கல்லெறியும் கடமையை நடந்து நிறைவேற்றுவது சிறந்ததா, வாகனத்தின் மீதிருந்து நிறைவேற்றுவது சிறந்ததா? வாகனத்தின் மீதிருந்து என்றார் மாணவர். தவறு என்றார்கள். நடந்து என்றார். அதுவும் தவறு என்றார்கள். தாங்களே சொல்லியருள வேண்டும் என்று மாணவர் கேட்டுக்கொண்டார். எறிந்தபின் நின்று துஆ கேட்க வேண்டிய இடங்களில் நடந்து எறிவது சிறந்தது, நிற்க வேண்டாத இடத்தில் வாகனத்தின் மீதிருந்து எறிவது சிறந்தது என்று அபூயூஸுப் விளக்கினார்கள். இப்ராஹீம் விடைபெற்று எழுந்தார். அவர் வீட்டின் வாசலை அடைவதற்குள் உள்ளேயிருந்து அழுகுரல் கேட்டது.